கேரசலும் மெர்ரி-கோ-ரவுண்டும் ஒன்றுதான்

ஷார்ஜாவில் இறங்கியதும் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், எங்கள் விமானத்தின் பெட்டிகள் இரண்டாவது கேரசலில் வரும் என்றது. நான் பல வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். கேரசல் என்றால் மரக்குதிரைகள் சுற்றும் ராட்டினம் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே குதிரையும் இல்லை, பாட்டும் இல்லை. கறுப்பு ரப்பர் பட்டையின் மேல் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள் சுற்றி வந்தன. என் பெட்டி வருவதற்கு முன்னால் அதிலிருந்த கருவாட்டின் வாசனை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஆள் மூக்கைப் பொத்தவில்லை, மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு, "குளச்சலா?" என்று கேட்டார்.

குளச்சலேதான். அரைப்பரீட்சை லீவில், சித்தி மகள் ரோஸ்லினின் குழந்தைக்கு ஞானத்தாயாக நிற்க வந்திருந்தேன். ரோஸ்லின் ஷார்ஜாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் புருஷன் சவூதியில், தம்மாமில் வேலை செய்கிறார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை, எனவே தகப்பன் இல்லாமலேயே ஞானஸ்நானம் என்று முடிவாகியிருந்தது. என் சொந்தத் தம்பி ஜஸ்டினும் ஷார்ஜாவில்தான் இருந்தான். ஏ.சி. மெக்கானிக். முவைலா பக்கம் கம்பெனி கேம்ப்பில் தங்கியிருந்தான்.

வந்த இரண்டாம் நாள் அவனைப் பார்க்கத் தனியாகவே கிளம்பினேன். டாக்ஸிக்காரர் பட்டாணியர். எனக்குத் தெரிந்த இந்தி, பள்ளியில் வேண்டாமென்று விட்ட இந்தி. "முவைலா" என்று நான் சொன்னதற்கெல்லாம் அவர் தலையாட்டினார். கடைசியில் டயர் கடைகள் வரிசையாக இருந்த ஒரு தெருவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஆண்கள். ஒரு சேலைகூட இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். டீக்கடை மலையாளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "இரிக்கு சேச்சி" என்றார். ஏலக்காய் தூக்கலாகப் போட்ட சாயா. குடித்து முடிப்பதற்குள், நான் காட்டிய நம்பரைப் பார்த்து அவரே ஜஸ்டினுக்குப் போன் போட்டுவிட்டார்.

ஜஸ்டின் வந்து கேம்ப்புக்குக் கூட்டிப்போனான். வாசலிலேயே வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார்.

"லேடீஸ் மாஃபி."

"என் தம்பி அறையைப் பார்க்கக்கூடாதா?"

"மாஃபி, மாஃபி." இல்லை என்பதற்கு வளைகுடா முழுக்க இந்த ஒரு சொல் போதும்.

ஆகவே தம்பியின் விருந்து கேம்ப் மதிலோரம், விரித்துப் போட்ட அட்டையின் மேல் நடந்தது. நெய்மீன் குழம்பும் குபூஸ் ரொட்டியும். குழம்பு வைத்தவர் ஜஸ்டினின் அறைத்தோழர் முருகேசன். பெரம்பலூர்ப் பக்கத்து ஆள், கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை. மீனைக் கண்டால் ஓடுகிற குடும்பத்தில் பிறந்து, என் தம்பியிடம் கற்றுக்கொண்டு, எங்கள் ஊர்க் குழம்பை எங்களைவிடப் புளிப்பாக வைத்திருந்தார். நான் இரண்டாம் தடவை கேட்டதும் அவர் முகம் அப்படியே விரிந்துவிட்டது.

சாப்பிட்டுக்கொண்டே பேசியதில், ரோட்டுக்கு அப்பால் குளிர்காலத்துக்குப் பொருட்காட்சி ஒன்று போட்டிருப்பது தெரிந்தது. சாரத்தின் உச்சியில் நின்றால் முருகேசனுக்கு அது முழுசாகத் தெரியுமாம்.

"குதிர ராட்டினம் ஒண்ணு இருக்குக்கா. ரெண்டு அடுக்கு. லைட்டப் போட்டான்னா தங்கத்துல செஞ்சாப்ல இருக்கும்" என்றார். "எங்க ஊர்த் திருவிழாவுக்கும் ராட்டினம் வரும். அப்ப ஏறக் காசில்ல. இப்ப இருக்கு. ஒருதடவ ஏறிரணும்."

"எதுக்கு?" என்று கேட்டேன். டீச்சர் புத்தி, எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும்.

"எதுக்குன்னா? ஆசதான்க்கா."

வெள்ளிக்கிழமை காலையில் ஞானஸ்நானம் முடிந்தது. சாமியார் தண்ணீர் ஊற்றும்போது தம்மாமிலிருந்து தகப்பன் போனில் இருந்தார். குழந்தை வீறிட்டதும் ரோஸ்லின் போனைப் பிள்ளையின் வாயருகே பிடித்தாள். அந்தப் பக்கம் தகப்பன் விம்முவது எனக்கே கேட்டது. மத்தியானம் ஆட்டுக்கறி பிரியாணி. சாயங்காலம் ஜஸ்டின், முருகேசன், குழந்தையோடு ரோஸ்லின், நான் எல்லோருமாகப் பொருட்காட்சிக்குப் போனோம்.

ரோஸ்லினும் நானும் உள்ளே போய்விட்டோம். பின்னால் வந்த இருவரையும் நேபாளிக் காவலர் நிறுத்தினார். "பேச்சலர் மாஃபி. ஃபேமிலி ஒன்லி." பின்னால் இருந்த பலகையிலும் அதையே பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

இங்கே பேச்சலர் என்றால் கல்யாணம் ஆகாதவன் இல்லை. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவன். முருகேசனுக்குப் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குச் சோறு போடத்தான் இங்கே பேச்சலராக இருக்கிறார்.

"இவன் என் தம்பி. எங்கள் குடும்பம்தான்" என்றேன். காவலர் சங்கடத்தோடு மேனேஜரை அழைத்தார். டை கட்டிய மேனேஜர், நம் நாட்டுக்காரர்தான், வடக்கத்தியர். சுத்தமான ஆங்கிலத்தில் மிகவும் பணிவாகப் பேசினார். அந்தப் பணிவுதான் எனக்கு முதலில் எரிச்சலைக் கிளப்பியது.

"மேடம், அது கேரசல். குடும்பங்களுக்கானது. இவர்களுக்குப் பின்பக்கம் மெர்ரி-கோ-ரவுண்ட் இருக்கிறது. அந்த வாசல் வழியாகப் போகலாம்."

"இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"பெயரிலேயே தெரியவில்லையா? கேரசல் வெளிநாட்டிலிருந்து வந்தது. அது ஒரு தரம். மெர்ரி-கோ-ரவுண்ட் சாதாரண ராட்டினம்."

"நான் ஆங்கில ஆசிரியை. இரண்டு சொல்லுக்கும் அகராதியில் ஒரே பொருள்தான்."

"உங்கள் ஊர்ப் பள்ளியில் அப்படி இருக்கலாம், மேடம்." அவர் பார்வை ரோஸ்லினின் தோளில் தூங்கிய குழந்தை மேல் போனது. "இவருடைய கணவர் எங்கே?"

"சவூதியில்" என்றாள் ரோஸ்லின்.

"அப்படிப் பார்த்தால் நீங்களும் முழுக் குடும்பம் இல்லை. இருந்தாலும் குழந்தை இருக்கிறது, அனுமதிக்கிறேன்."

ரோஸ்லின், குழந்தையின் துண்டை இழுத்து மூடிக்கொண்டாள். நான்தான் வெளியே வந்து, சரி, அந்த மெர்ரி-கோ-ரவுண்டையும் பார்த்துவிடுவோம் என்று எல்லோரையும் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். ஜெனரேட்டர் போட்ட சத்தத்துக்கு நடுவில் அது இருந்தது. தார்ப்பாயால் மூடி, கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். தார்ப்பாயின் கிழிசல் வழியே தகரக் கார் ஒன்றின் மூக்கு தெரிந்தது. பக்கத்தில் ஒரு ஆளும் இல்லை. அது ஓடி எத்தனை காலமோ.

"விடுங்கக்கா, போலாம்" என்றார் முருகேசன். குரலில் கோபம் இல்லை. பழகிப்போன குரல். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ரோட்டோரத்துக் கடையில் ஷவர்மா வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். முருகேசன் மெதுவாகக் கேட்டார்: "அக்கா, நெசமாவே ரெண்டும் ஒண்ணா? இல்ல கோவத்துல சொன்னீங்களா?"

நியாயமான கேள்வி. வகுப்பில் கேட்டால் சொல்வதுபோலவே சொன்னேன். சின்ன வித்தியாசங்கள் உண்டு. பூங்காவில் பிள்ளைகள் காலால் உந்திச் சுற்றுகிற இரும்புத் தட்டை மெர்ரி-கோ-ரவுண்ட் என்பார்கள், கேரசல் என்று சொல்ல மாட்டார்கள். விமான நிலையத்தில் பெட்டி வருகிற பட்டை கேரசல், அதை யாரும் மெர்ரி-கோ-ரவுண்ட் என்பதில்லை. ஆனால் நடுவில் தூண், அதைச் சுற்றிக் குதிரை, மேலே குடை என்று வந்துவிட்டால் எந்தப் பெயரைச் சொன்னாலும் ஒன்றுதான். மெர்ரி-கோ-ரவுண்ட் ஆங்கிலேயன் வைத்த பெயர்: சந்தோஷமாகச் சுற்றுவது. கேரசல் பிரெஞ்சு, இத்தாலி வழியாக வந்த சொல். பழைய காலத்தில் குதிரை வீரர்கள் மண் உருண்டைகளை எறிந்து விளையாடிய போலிச் சண்டைக்கு அந்தப் பெயர். சின்னச் சண்டை என்று அதற்கு அர்த்தம் சொல்கிறவர்களும் உண்டு. அந்த விளையாட்டே இந்த அரபு, துருக்கிப் பக்கத்துக் குதிரைக்காரர்களிடம் பார்த்துக் கற்றது என்று ஒரு கதை இருக்கிறது.

"அப்ப சண்ட போட்டாத்தான் சந்தோஷமா சுத்த முடியும்ங்கிறீங்க" என்றார் முருகேசன்.

ஜஸ்டினுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. நான் சிரிக்கவில்லை. நான் ஊருக்குத் திரும்பும் முன்னால் இன்னும் ஒரு வெள்ளிக்கிழமை பாக்கி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ரோஸ்லின் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எக்கா, ஒனக்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. மறுபடியும் அங்க போகப்போற."

"போனா என்ன மக்கா?"

"என்னவா? எனக்க பேர்லதான் ஒனக்கு விசிட் விசா எடுத்திருக்கு. ஒரு கம்ப்ளெயின்ட் போனா போதும். நீ ஊருக்குப் போயிருவ. நானும் ஜஸ்டினும்லா இங்க கெடக்கணும்?"

நான் லீவுக்கு வந்தவள். என் வேலை குளச்சலில் பத்திரமாக இருக்கிறது. இவர்கள் வேலையைப் பணயம் வைத்து நான் வீரம் பேசக்கூடாது. "சரி, போகல்ல" என்றேன். மனசு கசந்தது. அந்த வாரம் முழுக்கச் சந்தைக்கும் கடற்கரைக்கும் போனேன், பஸ்ஸில் பெண்களுக்கென்று விட்டிருந்த முன்வரிசையில் ராஜாத்தி மாதிரி உட்கார்ந்து துபாய் வரை போய் நெரிசலில் சிக்கித் திரும்பினேன். எதுவும் உள்ளே இறங்கவில்லை.

வியாழக்கிழமை ரோஸ்லின் டியூட்டி முடிந்து வந்தாள். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அடுக்களை வாசலில் நின்றாள்.

"எக்கா, நாளைக்கு நானும் வாறேன்."

"எங்க?"

"நான் முழுக் குடும்பம் இல்லன்னு அவன் சொன்னாம்லா? ஒரு வாரமா அது காதுக்குள்ளயே கெடக்கு. இன்னைக்கு டீ குடிக்கப்ப எங்க ஆளுங்ககிட்ட சொல்லிட்டேன். ஒருத்திக்கும் புருஷன் இங்க இல்ல. ஒருத்திக்க புருஷன் மஸ்கட்டுல, ஒருத்திக்க புள்ளைங்க மணிலாவுல. அப்போ நாங்க யாருமே குடும்பம் இல்லியான்னு எல்லாவளும் குதிக்காளுவ. நாளைக்கு டியூட்டி முடிஞ்சு நேரா அங்கதான் வாறாளுவ."

"கம்ப்ளெயின்ட்?"

"கொடுக்கட்டு. ராட்டினத்துல ஏறுனதுக்கு எந்த ஊர்லயாவது கேசு உண்டா?" என்றவள், கொஞ்சம் யோசித்து, "இருக்காதுல்லா?" என்று கேட்டாள். அந்தப் பயத்தோடுதான் அவள் வந்தாள். பயமே இல்லாதவர்கள் வருவதைவிட அது பெரிய விஷயம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொருட்காட்சி வாசலில் ஆஸ்பத்திரி வேன் வந்து நின்றது. நர்சுகள் வரிசையாக இறங்கினார்கள். மலையாளிகள், தமிழர்கள், இரண்டு பிலிப்பினோக்கள். ஜஸ்டின் பக்கம் முருகேசனோடு இன்னும் சில அறைத்தோழர்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் தேய்த்த சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார்கள். அறிமுகம்கூடச் செய்து வைக்கவில்லை. ஒவ்வொரு நர்சும் ஒவ்வொரு ஆணின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

நேபாளிக் காவலர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். முருகேசனைச் சுட்டி, "இவர் யார்?" என்றார்.

"எண்டெ ஆங்ஙளயா" என்றாள் கோட்டயத்துக்காரி ஒருத்தி. அண்ணனாம்.

"இவர்?"

"மை அங்கிள்" என்றாள் பிலிப்பினோப் பெண். அந்த அங்கிள் அவளைவிடச் சின்னப் பையன், ராமநாதபுரத்துக்காரன், வெட்கத்தில் தரையைப் பார்த்தான்.

காவலர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். பலகையைத் திரும்பிப் பார்த்தார். "ஃபேமிலி ஒன்லி. டீக் ஹை. ஜாவோ" என்று வழியை விட்டார்.

கேரசல் உண்மையிலேயே அழகுதான். வெள்ளையும் கறுப்புமாகக் குதிரைகள், சிவப்புச் சேணம், பித்தளைக் கம்பி. முருகேசன் ஒரு குதிரையைத் தேர்ந்தெடுக்கவே நேரம் எடுத்துக்கொண்டார். கடைசியில் கறுப்புக் குதிரை ஒன்றில் ஏறி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார். சாரத்தில் எத்தனையோ மாடி உயரத்தில் நடக்கிற மனிதர், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் நடுங்கினார். பாட்டு ஆரம்பித்தது. குதிரைகள் மேலும் கீழுமாக அசைந்து கிளம்பின. நான் பக்கத்துக் குதிரையில் இருந்தேன். அவர் வாய் திறந்தே இருந்தது. சத்தம் வரவில்லை.

ஒரு சுற்றுகூட முடிந்திருக்காது. பாட்டு நின்றது. விளக்குகள் அணைந்தன. என் குதிரை பாதி உயரத்தில் தொங்கிக்கொண்டு நின்றது.

மேனேஜர் கீழே நின்றார். முதலில் காவலரைத் திட்டினார். "போர்டுல ஃபேமிலின்னு இருக்கு சார். அவங்க ஃபேமிலின்னு சொல்றாங்க. நான் என்ன பண்ண?" என்று அவர் இந்தியில் சொன்னது எனக்கே புரிந்தது. அப்புறம் எங்களைப் பார்த்து மேனேஜர் அறிவித்தார்: "குடும்பம் இல்லாதவர்கள் இறங்கினால்தான் இது ஓடும்."

ஜஸ்டின் என்னைப் பார்த்தான். நான் ரோஸ்லினைப் பார்த்தேன். அவள் குழந்தையோடு ரத வண்டியில் உட்கார்ந்திருந்தாள், உதடு வெளுத்திருந்தது. நான் இறங்கச் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், வாயைத் திறந்துவிட்டேன்.

"யாரும் எறங்கண்டாம்" என்றாள் ரோஸ்லின். சத்தமாக. பிறகு அதையே ஆங்கிலத்திலும் சொன்னாள், வார்டில் நோயாளியிடம் சொல்வதுபோல: "எல்லோரும் அப்படியே உட்காருங்கள்."

உட்கார்ந்தோம். ஓடாத குதிரைகளின் மேல் வளர்ந்த ஆண்களும் பெண்களும், ஏதோ படம் வரைய நிறுத்தி வைத்ததுபோல. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. எங்களோடு ஏறியிருந்த பிள்ளைகளில் ஒன்று அழ ஆரம்பித்தது, உடனே மற்றவையும் சேர்ந்துகொண்டன. மேனேஜர் என்னிடம் வந்தார்.

"மேடம், படித்தவர் நீங்கள். எதற்காக இதெல்லாம்? இவர்களுக்கு இது எதற்கு?"

நான் முன்பு கேட்ட அதே கேள்வி. "ஆசை" என்றேன். "வேறு காரணம் வேண்டுமா?"

வெள்ளை அங்கி அணிந்த ஓர் அரபுத் தகப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் மகன் எனக்குப் பின்னால் இருந்த குதிரையில் அழுதுகொண்டிருந்தான். மேனேஜர் அவரிடம் எங்களைக் காட்டிக் காட்டி ஏதோ விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்கவில்லை. "யல்லா! யல்லா!" என்று மோட்டார் பக்கம் கையை வீசினார். பின்னால் காவலர்தான் எனக்கு அர்த்தம் சொன்னார்: நான் டிக்கெட் எடுத்திருக்கிறேன், என் பிள்ளை குதிரையில் இருக்கிறான், உன் சண்டையை அப்புறம் வைத்துக்கொள். எங்களுக்காக அவர் பேசவில்லை. ஆனால் நாங்கள் இறங்காததால்தான் அவர் பேச வேண்டிவந்தது.

விளக்கு எரிந்தது. பாட்டு நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்தது. இந்தத் தடவை முருகேசனுக்குச் சத்தம் வந்தது. "ஓ..." என்று ஒரு கூவல். ஒவ்வொரு குதிரையிலிருந்தும் அது திரும்பி வந்தது. ராமநாதபுரத்து அங்கிள் கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினான். முருகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "காத்துக்கா, காத்து" என்றார்.

இதற்கு விலை இல்லாமல் போகவில்லை. முதல் தடவையே பார்த்து வைத்திருந்த இருவரும் எந்தக் கம்பெனி என்று விசாரித்து, மேனேஜர் அங்கே போன் செய்துவிட்டார். கேம்ப் பொறுப்பாளர் தம்பியையும் முருகேசனையும் கூப்பிட்டுக் கத்தி, அந்த மாதம் மீதி வெள்ளிக்கிழமைகளில் இருவருக்கும் டியூட்டி போட்டார். "அக்கா எப்போ ஊருக்குப் போகும்?" என்று தனியாகவும் விசாரித்தாராம். ரோஸ்லினுக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. ஆனாலும் நான் கிளம்புகிற நாள் வரை அவள் போன் அடித்தபோதெல்லாம் திடுக்கிட்டாள். அதை நான் பார்த்தேன். திருப்பித் தர முடியாத ஒன்று அது.

முருகேசனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன். "டியூட்டி இன்னிக்கு நேத்தா பாக்கறோம்? விடுங்கக்கா" என்றுவிட்டார்.

பள்ளிக்கூடம் திறந்து சில வாரம் கழித்து ஜஸ்டின் போன் செய்தான். கார்டில் காசு தீர்வதற்குள் பேசிவிட வேண்டும் என்ற அவசரம் அவனுக்கு எப்போதும் உண்டு.

"எக்கா, நர்சுமாரு இப்ப எல்லா வெள்ளிக்கிழமையும் வாறாவ. டியூட்டி இல்லாத பயலுவ கூடப் போறானுவ. போன வாரம் முருகேசண்ணன் ரெண்டாந்தடவ ஏறிட்டாரு."

"அந்த மேனேஜர்?"

"அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். பின்னால கெடந்துல்லா, அந்தத் தகரம்? தார்ப்பாய எடுத்துப் பெயின்ட் அடிச்சு, சீரியல் லைட்டெல்லாம் போட்டு வச்சிருக்கான். எங்களக் கண்டதும் ஓடி வந்து, அங்க போங்க, ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டும் ஒண்ணுதான்னு இப்ப அவனே சொல்லுதான்!"

"நீ என்ன சொன்ன?"

"முருகேசண்ணன்தான் சொன்னாரு. ஒண்ணுதான்னா, நாங்க இதுலயே ஏறிக்கிறோம்னு."